பாரிஸில் பிறந்தது, பாயில் அமர்ந்தது

ஐரோப்பாவிலிருந்து நம் சங்கீதத்துக்குள் நுழைந்த கருவிகளில் இரண்டின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்திலேயே பாடகருக்குப் பக்கத்தில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. இன்று அதை அந்நியக் கருவி என்று யாரும் நினைப்பதுகூட இல்லை.

இன்னொன்று ஆர்மோனியம். சபா மேடை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரதியார் அதைத் திட்டி எழுதினார். தாகூர் ஒதுக்கினார். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை நிலையத்துக்குள்ளேயே விடவில்லை. இவ்வளவு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பெட்டி ஒழிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் தேவாலயத்திலும் தர்காவிலும் பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையிலும் சினிமாக்காரர்களின் கம்போஸிங் அறையிலும் அதுதான் நடு நாயகமாக உட்கார்ந்திருந்தது. வித்வான்கள் வேண்டாம் என்றதை ஜனங்கள் ஏன் விடவில்லை? பெட்டியைத் திறந்து பார்த்தால் காரணம் உள்ளேயே இருக்கிறது.

ஒரு பித்தளை நாக்கு

ஆர்மோனியத்தின் உயிர் ரீடு. சிறிய பித்தளைத் தகட்டில் நீளவாக்கில் ஒரு பிளவு. அதன் மேல் ஒரு மெல்லிய நாக்கு. நாக்கின் ஒரு முனை தகட்டோடு அறையப்பட்டிருக்கும். மறு முனை சும்மா நிற்கும். பிளவு வழியாகக் காற்று போகும்போது அந்த நாக்கு பிளவுக்குள் மேலும் கீழும் துடிக்கிறது. அதுதான் ஒலி. நாக்கு நீளமாக இருந்தால் சுரம் தாழும். குட்டையாக இருந்தால் ஏறும். காற்றைப் பலமாகத் தள்ளினால் சத்தம் கூடுமே தவிர சுரம் அநேகமாக நகராது.

எல்லாம் இந்தக் கடைசி விஷயத்தில் அடங்கியிருக்கிறது. வயலினில் விரல் ஒரு நூலிழை தள்ளிப் போனாலும் அபசுரம். புல்லாங்குழலில் ஊதும் கோணம் மாறினால் சுரம் மாறும். ஆர்மோனியத்தில் ஐந்து வயதுப் பிள்ளை அழுத்தினாலும் ஐம்பது வருஷம் வாசித்தவர் அழுத்தினாலும் ஷட்ஜம் ஷட்ஜம்தான். சுரத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வாசிப்பவரிடமிருந்து வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்ட கருவி அது. அதன் பலமும் பலவீனமும் அதுவே.

இந்த நாக்கு ஐரோப்பாவில் பிறந்ததில்லை. சீனாவில் ஷெங் என்ற வாய்க்கருவியில் அது பல நூற்றாண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அதில் அக்கறை கொள்ளத் தொடங்கினார்கள். கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிராட்சென்ஸ்டைன், 1780 வாக்கில், மனிதர் உயிரெழுத்துகளை உச்சரிப்பதுபோல ஒலிக்கும் ரீடு குழாய்களைச் செய்து காட்டினார். இதே வகை ரீடை வைத்துப் பலரும் பலவிதப் பெட்டிகள் செய்தார்கள். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் தன் கருவிக்கு ஆர்மோனியம் என்று பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கினார்.

அங்கேயும் அது பெரிய இடத்துக் கருவியாகப் பிறக்கவில்லை. குழாய் ஆர்கன் வைக்க வசதியில்லாத சின்னத் தேவாலயங்களுக்காகவும், பியானோ வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்காகவும் செய்த பெட்டி. நாலு கால் வைத்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதித்துத் துருத்தியை ஊத வேண்டும். கைகள் இரண்டும் கட்டைகளின் மேல். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஊரார் சேர்ந்து பாட, சாயங்காலம் கூடத்தில் வீட்டார் சேர்ந்து பாட. தனியாக நின்று ஜெயிக்கும் ஆசை அதற்குத் தொடக்கத்திலிருந்தே குறைவு.

கப்பல் ஏறியதும் கால் இழந்ததும்

பியானோவை நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கொண்டுவந்தால் தந்திகள் தளர்ந்து, பலகை வளைந்து, சுருதி விட்டுப்போகும். ரீடுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கப்பலேறிய மிஷனரிகளின் சாமான்களில் ஆர்மோனியமும் சேர்ந்தது. தெருமுனைப் பிரசங்கத்துக்கு மடக்கி எடுத்துப்போகும் சின்னப் பெட்டிகளும் இருந்தன. தமிழ்நாட்டில் அது வந்து சேர்ந்த இடமும் பாட்டுக்குத் தயாராகவே இருந்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகமும் தாளமும் வைத்துக் கீர்த்தனைகள் எழுதிச் சபைகளில் பாட வைத்திருந்தார்கள். மேல்நாட்டு ஞானப்பாட்டுக்கு என்று வந்த பெட்டி, சில தலைமுறைகளில் ஆனந்தபைரவிக்கும் மோகனத்துக்கும் துணை போகத் தொடங்கியது.

உண்மையான திருப்பம் நடந்தது கல்கத்தாவில். துவாரகாநாத் கோஷ் 1875-இல் துவார்கின் என்ற இசைக்கருவிக் கடையைத் தொடங்கினார். கால் ஆர்மோனியத்தை நம் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றியதில் அவர் பங்கு பெரிது. அந்த மாற்றத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சாமர்த்தியமானது என்று விளங்கும். மேல்நாட்டு இசையில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் காற்று ஊதும் வேலை காலுக்குப் போனது. நம் பாட்டில் ஒரு சுரத்துக்குப் பின் ஒரு சுரம்தான். வாசிக்க ஒரு கை போதும். மறு கை சும்மா இருக்கிறது. அப்படியானால் கால் எதற்கு? நான்கு கால்களையும் வெட்டி, துருத்தியைப் பெட்டியின் முதுகில் பொருத்தினார்கள். இடது கை ஊத, வலது கை வாசிக்க. நாற்காலி போயிற்று, பெட்டி தரைக்கு இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தது. கூடவே, இழுத்துவிட்டால் ஒரே சுரம் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும் குமிழ்களையும் வைத்தார்கள். தம்பூரா இல்லாத வீட்டில் சுருதிக்கு அது உதவியது.

தரையில் உட்கார்ந்த பிறகுதான் அது வீட்டுச் சாமான் ஆனது. நாற்காலி மேஜை உள்ள வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? பாய் இல்லாத வீடு எது?

விடிய விடியப் பெட்டி

தமிழ்நாட்டில் பெட்டிக்கு முதல் பெரும் மவுசு நாடகத்தால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே சுற்றுப்பயணம் வந்தபோது திரைச்சீலை, ஜிகினா உடை, இந்துஸ்தானி மெட்டு எல்லாவற்றோடும் ஆர்மோனியமும் வந்தது. நம் கம்பெனிகள் உடனே பிடித்துக்கொண்டன. தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' என்று எழுதிக் குவித்த காலம் அது. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். தம்பூராவும் வீணையும் அந்தக் கூட்டத்தில் எங்கே எடுபடும்? ஆர்மோனியம் எடுபட்டது.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) உச்சத்தில் போய் நின்று பாடியபோது அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர் அண்ணன் காசி அய்யர். கொட்டகையை நிரப்பிய குரலும் அதைத் தாங்கிய பெட்டியும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. மேடையில் தம்பி எங்கே மூச்சு வாங்குவார், எங்கே தாவுவார் என்பது அண்ணனுக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். கொடுமுடியிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலும் அப்படி ஒரு குரல். மைக்குக்கு முந்தைய மேடைதான் அதைச் செதுக்கியது.

மதுரை, புதுக்கோட்டை பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. அதில் பெட்டிக்காரரின் வேலையை நேரில் பார்க்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். அன்று ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள். முருகன் எந்தப் பாட்டை எடுப்பார், வள்ளி எதைக் கொண்டு மறுப்பாள் என்பது முன்கூட்டி முடிவாகாது. அவர்களை எல்லாம் ஒரே நாடகத்தில் கட்டிவைப்பவர் மேடையோரம் கால் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டிருப்பவர். அவரைப் பின்பாட்டுக்காரர் என்பார்கள். நடிகர் ஓரடி பாடினால் இவர் வாங்கிப் பாடுவார். நடிகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் மேல்ஸ்தாயியை இவர் பார்த்துக்கொள்வார். புதிதாக வந்த வள்ளி அடியை மறந்து விழித்தால், முதல் இரண்டு சுரத்தைத் தொட்டுக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருவார். பபூன் வந்தால் இந்தப் பக்கவாத்தியக்காரர்களிடம் வாயாடித்தான் சிரிப்பை மூட்டுவார். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடிகர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருப்பார்கள். பெட்டிக்காரர் எழுந்திருப்பது அபூர்வம்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தை இரவுகள்தோறும் ஆடிய இசை நாடக மேடைகளில் அரிச்சந்திரனுக்குத் துணை இந்தப் பெட்டிதான்.

பெண் பார்க்க ஒரு பாட்டு

கொட்டகையில் கேட்டதை வீட்டில் பாட ஆசை வரும். நாடகப் பாட்டுப் புத்தகம் ஓரணா, இரண்டணா; கிராமபோன் தட்டும் வந்துவிட்டது. ஒரு பெட்டியும் வாங்கிவிட்டால் வீடே கொட்டகை. கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் ஆளாளுக்கு வாங்கினார்கள். பாரதியாருக்குப் பொறுக்கவில்லை. 'சங்கீத விஷயம்' கட்டுரையில் இந்தப் பெட்டியை ஒரு பிடி பிடிக்கிறார். சங்கீத ஞானம் இல்லாதவர்கள் கையில் அது அகப்பட்டுக் காதைக் கெடுக்கிறது என்பது அவர் ஆத்திரம். பக்கத்து வீட்டில் யாராவது புதிதாக வாங்கிய ஆர்மோனியத்தில் விடிகாலையில் சரளிவரிசை வாசித்தால் யாருக்கும் வரக்கூடிய ஆத்திரம்தான். ஆனால் ஞானம் இல்லாதவர்களும் பாட ஆசைப்படுவார்கள் என்பதும், அவர்களையும் சுருதியில் நிறுத்த ஒன்று வேண்டும் என்பதும் அந்தக் கோபத்தில் விடுபட்டுப்போன பக்கம்.

பெட்டி வீட்டுக்குள் வந்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. கல்யாணமும் ஒரு காரணம். பெண் பார்க்க வருபவர்கள், "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்ட காலம் இருந்தது. அதற்காகவே பாட்டு வாத்தியார் வைத்தார்கள். இரண்டு கீர்த்தனை, ஒரு ஊஞ்சல் பாட்டு, முடிந்தால் ஒரு சினிமாப் பாட்டு. கல்யாணம் முடிந்ததும் பெட்டி பரணுக்கு ஏறியது. மாமியார் வீட்டில் அதற்கு இடமில்லை; அல்லது இடம் கேட்கத் துணிவில்லை. எத்தனை பெண்களின் சங்கீதம் முகூர்த்தத்தோடு முடிந்தது என்பதற்குப் பரண்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அத்தையின் பெட்டியும் அப்படிப் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட ஒன்று. கோடை விடுமுறைக்கு அவர் வந்த ஒரு சமயம் பிள்ளைகள் நாங்கள் அதைக் கீழே இறக்கினோம். "அத்தை, ஒரு பாட்டு" என்று நச்சரித்தோம். "போங்கப்பா, குரலெல்லாம் போயிருச்சு" என்றார். ஆனாலும் கொக்கியைத் தட்டித் துருத்தியை விடுவித்தார். இடது கை தானாக ஊத ஆரம்பித்தது. வலது கை முதலில் தடுமாறியது. பிறகு விரல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பவில்லை, ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. விரல் நுனியால் அதைத் தூக்கிப் பிடித்தபடியே பாட்டை முடித்தார். சமையலறையிலிருந்து அம்மாவும் சித்தியும் வந்து நின்றுவிட்டார்கள். தாத்தா செய்தித்தாளை மடித்து வைத்தார். "இவ்வளவு நாளா இதை ஏன் சொல்லலை?" என்று மாமா கேட்டார். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றார் அத்தை. மாமாவிடம் பதில் இல்லை.

நூறில் பதினான்கு

வித்வான்களின் எதிர்ப்பை வெறும் மேட்டிமை என்று தள்ளிவிடக் கூடாது. அதில் நியாயம் உண்டு. கர்நாடக சங்கீதத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக வயலினில் முடியும், வீணையில் முடியும், குரலில் முடியும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வயலின் சபைக்குள் போனதற்கும் ஆர்மோனியம் வாசலில் நின்றதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொரு குறை நுட்பமானது. மேல்நாட்டார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து ரீடுகளைச் சேர்க்கிறார்கள். எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்தாலும் வாசிக்க வசதி. ஆனால் இயற்கையான அந்தர காந்தாரத்தைவிட இந்தச் சமபங்குக் காந்தாரம் ஓர் அரைச்சுரத்தில் நூறில் பதினான்கு பங்கு தூக்கலாக நிற்கிறது. தனியாகக் கேட்டால் தெரியாது. நன்றாகச் சேர்த்த தம்பூராவின் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தி ஒலிக்கும்போது அதற்குள்ளிருந்தே ஒரு காந்தாரம் கசியும். அந்தக் காந்தாரமும் பெட்டியின் காந்தாரமும் ஒன்றையொன்று உரசும். பழகிய காதுக்கு அது பல்லில் மணல் நெருடுவதுபோல.

இந்த வாதங்களோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. அந்நியப் பெட்டி, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சு எழுந்தது. வேடிக்கை என்னவென்றால் டெல்லி வானொலியில் மேல்நாட்டு இசைப் பகுதியில் இருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ்தான் அதை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர்களில் ஒருவர். வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்து தடையைக் கொண்டுவந்த லயனல் ஃபீல்டனும் ஆங்கிலேயர். கல்கத்தா நிலையத்துக்குத் தாகூர் எழுதிய கடிதம் அவர்களுக்குத் தோதாக அமைந்தது. 1940 மார்ச் 1-ஆம் தேதி முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அப்போது சென்னை நிலையத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. திருச்சி நிலையத்துக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 1970-இல் டெல்லியில் ஒரு கருத்தரங்கு கூட்டி விவாதித்து, 1971-இல்தான் தடையை ஓரளவு தளர்த்தினார்கள்.

இதற்கு நடுவே ஒரு விசித்திரம் நடந்திருந்தது. எந்தச் சபை பெட்டியை உள்ளே விடவில்லையோ அதே சபை, பாடகரின் சுருதியைப் பெட்டியை வைத்தே அளந்தது. ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்கிறோமே, அவை ஆர்மோனியத்தின் கட்டைகள். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். நடுவில் வரும் கறுப்பு அரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவதுக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் பாடுகிறார்கள் என்ற கணக்கு இன்றும் அதே பெட்டியின் பல்வரிசையில்தான் நிற்கிறது.

மெட்டு பிறக்கும் இடம்

வானொலி கதவடைத்த அதே ஆண்டுகளில் சினிமா கதவைத் திறந்து வைத்திருந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது, பாடத் தெரிந்தவர்களை நாடக மேடையிலிருந்துதான் கூட்டி வந்தார்கள். நடிகர்களோடு பெட்டிக்காரர்களும் வந்தார்கள். நாடகத்தில் பாட்டைத் தாங்கிய பெட்டி சினிமாவில் பாட்டைப் பெற்றெடுக்கும் கருவியாக மாறியது.

எம்.எஸ். விஸ்வநாதனின் (1928–2015) மெட்டுகள் பிறந்தது ஆர்மோனியத்தின் முன்தான். எதிரே கண்ணதாசன், பக்கத்தில் எழுதிக்கொள்ளப் பஞ்சு அருணாசலம், இயக்குநர் சூழ்நிலையைச் சொல்லி முடித்திருப்பார். விரல் ஒரு வரியைத் தேடும். குரல் தத்தகாரத்தில் அதைப் பாடிக் காட்டும். கவிஞர் அதில் சொல்லை உட்காரவைப்பார். ஐம்பது வயலின், குழல், டிரம் எல்லாம் பின்னால் ஸ்டூடியோவில் வந்து சேரும். இயக்குநரும் கவிஞரும் சரியென்று தலையாட்டுவது, பெட்டியோடு மனிதக் குரல் மட்டும் கேட்கும் அந்த அறையில்தான். அங்கே நிற்காத மெட்டை எந்த வாத்தியக் கூட்டமும் நிறுத்தாது.

இளையராஜாவிடம் போனால் பெட்டி மறுபடி குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது. பண்ணைப்புரத்தில் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடுவார். தம்பிகள் வாசிக்கவும் பாடவும் கூடப் போவார்கள். பெட்டி அண்ணனுடையது, தம்பி அதைத் தொட்டால் அடி விழும் என்று இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் இல்லாத நேரத்தில் தொட்டுப் பழகிய விரல்கள், 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. சிம்பொனி எழுதும் அளவுக்கு மேல்நாட்டு இசை கற்ற மனிதர் இன்றும் மேடையில் ஓர் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

பட்டறையில்

மதுரையில் பெட்டி பழுது பார்ப்பவர் ஒருவரின் பட்டறையில் சில மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மூடியைத் திறந்து, கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றின் சுருள்கம்பிகளை வரிசை மாறாமல் பலகையில் குத்தி வைத்தார். உள்ளே ஒரு கட்டைக்கு இரண்டு நாக்கு வீதம் பித்தளை வரிசை. பழைய பெட்டிகளில் ஜெர்மனி, பாரிஸ் ரீடுகள் இருக்கும். இப்போது வருபவை பெரும்பாலும் குஜராத்தில் பாலிதானா ஊர்ச் சரக்கு.

சுருதி சேர்க்கும் வேலை கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. நாக்கின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைத் தாங்கல் கொடுத்து, அரத்தால் லேசாகச் சுரண்டுகிறார். நுனியில் சுரண்டினால் நாக்கு இலேசாகிச் சுரம் ஏறும். வேர்ப்பக்கம் சுரண்டினால் அங்கே பலம் குறைந்து சுரம் இறங்கும். இரண்டு நாக்கும் ஒத்துவராதபோது ஒலி அலையலையாக நடுங்குகிறது. சுரண்டச் சுரண்ட அலை மெதுவாகி, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே அரத்தைக் கீழே வைத்துவிடுகிறார். "கூடச் சுரண்டிட்டா திரும்ப ஒட்டவைக்க முடியாது" என்றார்.

பெட்டிக்கு வரும் வியாதிகளைக் கேட்டேன். எலி துருத்தித் துணியைக் கடிப்பது, கரப்பான் தோலைத் தின்பது, ஐப்பசி கார்த்திகையில் கட்டை ஊதிச் சிக்குவது. பூஜையறையில் வைத்த பெட்டியென்றால் உள்ளே அட்சதை அரிசி கிடைக்கும். ஒரே ஓர் அரிசி வால்வின் கீழே சிக்கினால் போதும், கட்டை ஊளையிடும். "பெரும்பாலும் யாரு கொண்டு வர்றாங்க?" என்றேன். "அம்மா வாசிச்சது, அப்பா வாசிச்சதுன்னு பிள்ளைங்கதான் கொண்டு வர்றாங்க. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. சத்தம் வந்தாப் போதும்பாங்க" என்றார்.

ஊத ஓர் ஆள்

பெட்டியின் வாரிசுகள் பல. அதிலிருந்து கட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, சுருதியை மட்டும் வைத்துக்கொண்டது சுருதிப்பெட்டி. பாட்டு வகுப்பு நடந்த வீடுகளில் எல்லாம் அது இருந்தது. 1979-இல் பெங்களூர் ராஜ் நாராயண் ராடெல் மின்னணு சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். கேசியோ கீபோர்டு வந்து பிள்ளைகளின் கையில் உட்கார்ந்தது. இன்று கைப்பேசிச் செயலி ஒன்றைத் தட்டினால் எந்தக் கட்டையிலும் தம்பூரா ஓடுகிறது. அதன் காந்தாரமும் பெட்டியைவிடச் சுத்தம். பாரதியாரும் தாகூரும் வானொலிக்காரர்களும் சொன்ன குற்றங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன.

ஆனால் பழைய சுருதிப்பெட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. யாராவது ஊத வேண்டும். அக்கா பாடினால் தம்பி ஊதினான். பேத்தி பாடினால் பாட்டி ஊதினாள். தம்பிக்குச் சங்கீதம் பிடிக்காது, பம்பரம் விடப் போக வேண்டும். ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தே தீர வேண்டும். சலித்துக்கொண்டே ஊதிய அந்தப் பையன்கள் பலர் பிற்காலத்தில் நல்ல ரசிகர்களானது தற்செயலில்லை. அவர்கள் காது அந்த ஒரு மணி நேரங்களில்தான் திறந்தது. நவராத்திரிக் கொலுவில், ஞாயிற்றுக்கிழமைச் சபையில், தர்கா வாசலில் நாகூர்ப் பாட்டுக் கச்சேரியில் என எங்குமே இந்தப் பெட்டி தனி ஆளின் கையில் இருந்ததில்லை. ஒருவர் பாட, ஒருவர் ஊத, நாலு பேர் வாங்கிப் பாட.

வயலின் வித்வானைத் தேடிப் போனது. அவர் கையில் சிறந்தது. ஆர்மோனியம் குரல் சுமாராக உள்ளவர்களை, அடி மறந்தவர்களை, சபையில் பாடக் கூசியவர்களைத் தேடிப் போனது. அவர்கள் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கெட்டியான ஷட்ஜம் அதனிடம் இருந்தது. நகராத சுரம் வித்வானுக்குச் சிறை. பாடத் தெரியாதவருக்குக் கைப்பிடி. செயலி அந்தக் கைப்பிடியைக் கொடுத்துவிடும். பக்கத்தில் உட்கார ஓர் ஆளை மட்டும் அதனால் கொடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பரணில் பெட்டி இருந்தால் இறக்கிப் பழுது பாருங்கள். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பாடுபவருக்கு ஊதத் தெரிந்தால் போதும்.